பேர் கேட்காத ஞாயிறு

அன்பு மகள் கிளாரிஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். கர்த்தருடைய தயவால் நானும் உன் அம்மாவும் காலையில் எழுந்து அடுத்தவர் கைபிடிக்காமல் சமையலறை வரை நடக்கிற அளவுக்குச் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த ஒக்கினாவா தீவில் விமானப்படைக்காரர்கள் போடுகிற சாப்பாட்டைத் தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே உன் அம்மா போனைப் பிடுங்கித் தன் பங்குக்கு வேறு கதை சொல்வாள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. புது டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார், என்ன மாத்திரை என்று கேட்டதற்குப் பேப்பரில் இருக்கிறது என்றார், வாயால் சொல்லத் தெரியாத டாக்டரை எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வலி குறைந்தது என்பதை மறைக்க மாட்டேன். தோட்டத்தில் கீரை நன்றாக வந்திருக்கிறது, புது வீட்டு மண் பழைய வீட்டு மண் அளவுக்கு மோசமில்லை. புது வீடு என்றே இன்னும் சொல்கிறேன் பார், சூறாவளி பழைய வீட்டைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு வசந்தம் ஆகிவிட்டது.

உன் தம்பி டுவைட்டைப் பற்றிக் கேட்பாய். நேரடியாக ஒரு சேதியும் இல்லை. ஆற்றில் மேலே போன அந்தச் சரக்குப் படகு வேலையிலிருந்து அவன் வேறு படகுக்கு மாறினான், அவன் போன் எண் செத்துப்போயிற்று, அதே சமயத்தில் சூறாவளியில் எங்கள் வீடும் போய் எங்கள் எண்ணும் போயிற்று, நீயும் கடல் தாண்டிப் போனதில் உன் எண்ணும் மாறிற்று. நம் விலாசம் அவனுக்குத் தெரியாது, அவன் விலாசம் நமக்குத் தெரியாது. அவனுக்கும் நமக்கும் பொதுவாக இடம் மாறாமல் இருப்பது ஒன்றே ஒன்று, சிக்கமோர் பெண்ட் பாப்டிஸ்ட் சபை. அதனால்தான் உன் அம்மா ஒவ்வொரு புதன்கிழமையும் ஜெபக் கூட்டத்தில் அவன் பேரைச் சொல்கிறாள், கர்த்தருக்குக் கேட்கட்டும் என்று மட்டுமில்லை, வந்திருக்கிற யாராவது எங்கேயாவது அந்தப் பேரைக் கேட்டிருப்பார்களா என்றுதான். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான், ஆனால் அதற்கு முன்னால் அந்த அட்லாண்டா ஆளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் உனக்குப் புரியாது.

நம் பாஸ்டர் காட்ரெல் நல்ல மனிதர்தான், பிரசங்கத்தில் குறை சொல்ல முடியாது, சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வருகிறார். ஆனால் பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே போகிற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் எல்லாரும் மெம்பிஸுக்கும் டல்லஸுக்கும் போய்விட்டால் பெஞ்சு காலியாகாமல் என்ன ஆகும், அதற்குச் சபை என்ன செய்யும் என்று நான் கேட்டேன். அவர் கேட்கவில்லை. ஏதோ போதகர்கள் மாநாட்டுக்குப் போனார், திரும்பி வரும்போது ஒரு ஆலோசகரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பேர் ஹாலோவே, அட்லாண்டாக்காரர். சபைகளுக்கு யோசனை சொல்வதே அவர் தொழிலாம். பளபளவென்று ஷூ, கையில் விரலால் தட்டி எழுதுகிற ஒரு கம்ப்யூட்டர் கண்ணாடிப் பலகை, யாரிடம் பேசினாலும் நம் தோளுக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டே பேசுகிற பழக்கம். ஆராதனை முடிந்து சபையில் வைத்த மதிய விருந்தில் உன் அம்மா தன் கையால் செய்த வெண்ணெய்க் கேக்கை ஒரு வாய் தின்று அருமை என்று சொல்லிவிட்டு மீதியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா அதையே சொன்னாள். "அருமைன்னு சொன்னவன் ஏன் அடுத்த வாய் திங்கல? வாய்ல ஒண்ணு வயித்துல ஒண்ணு, இவன் பாஸ்டர்கிட்டயும் இப்படித்தான் பேசுவான்" என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

நான் பாஸ்டரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். மேய்ப்பனுக்கு யோசனை வேண்டுமானால் முழங்காலில் நிற்கட்டும், அது போதாவிட்டால் ஆடுகளைக் கேட்கட்டும், அடுத்த ஊரிலிருந்து எதற்கு ஆள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "பிரதர் ஓதா, வேதத்துல பாருங்க, வனாந்தரத்துல அத்தன ஜனத்தைக் கூட்டிட்டுப் போனவருக்கே வெளியிலேர்ந்து வந்து யோசனை சொல்ல வேண்டியிருந்துச்சே" என்றார். நான் சும்மா விடுவேனா. "பாஸ்டர், அங்க யோசனை சொன்னவரு அவரோட மாமனாரு. பொண்ணு குடுத்தவரு. பேரப்புள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து கூடாரத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு அப்புறம் சொன்னாரு. உங்க ஹாலோவே ஒரு துண்டு கேக்க முழுசாத் திங்கல" என்றேன். அதற்கும் சிரித்துவிட்டு, ஹாலோவே இருக்கட்டும் என்றார். போதகர் சொன்ன பிறகு, வாசலில் நின்று வருகிறவர்களை உட்கார வைக்கிற தலைமை உபசாரகன் எதிர்த்துக்கொண்டு நிற்பது அழகில்லை, வாயை மூடிக்கொண்டு என் கதவடிக்குப் போய்விட்டேன்.

நியாயமாகச் சொல்கிறேன், அந்த ஆள் சொன்னதில் சிலது சரி. சாலையோரப் பலகையில் ஆராதனை நேரம் தப்பாக இருந்தது, நாங்கள் எல்லாரும் நேரம் மனப்பாடமாகத் தெரிந்தவர்கள், அந்தப் பலகையை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கழிப்பறைக்குப் போகிற வழியில் விளக்கில்லை என்றார், அதுவும் உண்மை, இப்போது விளக்குப் போட்டாயிற்று, உன் அம்மா தடுக்கி விழாமல் போகிறாள். வெளியாள் கண்ணுக்குத்தான் படுகிற சங்கதிகள் இருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. உபசாரகர்களை எல்லாம் வரிசையாக உட்கார வைத்து, புதிதாக வருகிறவர்களை எழுந்து நிற்கச் சொல்லிப் பேர் சொல்ல வைக்கிற வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள் என்றார். "புதுசா வர்றவங்களுக்கு அது கூச்சம். எழுப்பி நிக்க வெச்சு உன் பேரென்ன, நீ யார் வீட்டு ஆளு, எந்தச் சபைன்னு கேக்குறது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கு. சிரிங்க, கை குடுங்க, உக்கார வைங்க, அவங்களாச் சொன்னாலொழிய பேர் கேக்காதீங்க" என்றார். என் பக்கத்தில் இருந்த சிஸ்டர் வில்லா, கதவின் இடது பக்கம் என்னோடு நிற்பவள், "அப்ப எங்க அத்தை மகனை நான் எப்படிக் கண்டுபிடிச்சிருப்பேன்?" என்று கேட்டாள். உனக்குத் தெரியும், சிகாகோவிலிருந்து வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து தாத்தா பேரைச் சொன்னதும் வில்லா உபசாரகர் போடுகிற வெள்ளைக் கையுறையோடு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதது. ஹாலோவே அந்தக் கண்ணாடிப் பலகையில் எதையோ தட்டிவிட்டு, அதெல்லாம் அபூர்வம் சிஸ்டர் என்றார்.

அதோடு விட்டாரா. சொன்னபடி நடக்கிறோமா என்று பார்க்க, யாருக்கும் சொல்லாமல் ஒரு ரகசிய விருந்தாளியை அனுப்புவாராம், அந்த ஆள் சாதாரணமாக வந்து உட்கார்ந்து நம்மை எல்லாம் கவனித்துவிட்டுப் போய் அவரிடம் சொல்வாராம். அன்றிலிருந்து சபை சபையாக இல்லை கிளாரிஸ். தெரியாத முகம் எது வந்தாலும் இவன்தான் அவனா என்று எல்லாரும் ஓரக்கண்ணால் பார்த்தோம். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு அம்மாள் வந்தாள், பாடகர் குழு தொண்டை கிழியப் பாடிற்று, எப்போதும் பிரசங்கத்தில் கண்ணயர்கிற சபைப் பொறுப்பாளர் கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விசாரித்தால் அவள் கார் வழியில் நின்றுபோய்ப் பழுது பார்க்கிற வரை நிழலுக்கு வந்தவள். நாங்கள் காட்டிய மரியாதையில் அவளே பயந்து போனாள். சிரிப்பாகத்தான் இருந்தது, அப்போது.

அதற்கு அடுத்த ஞாயிறு ஒருவர் வந்தார். ஐம்பதுக்கு மேல் இருக்கும், வேலைக்குப் போடுகிற கால்சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்துப் போட்டிருந்தார், கை இரண்டும் கயிறு இழுத்துக் காய்த்த கை. நான் விசிறியும் நிகழ்ச்சித்தாளும் கொடுத்தேன், பல்வலிக்காரன் மாதிரி ஒரு சிரிப்பும் கொடுத்தேன். அவர் கடைசி பெஞ்சில் என் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவில்லை, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், வரிசை வரிசையாகப் பார்த்தார். நான் வில்லாவுக்குக் கண்ணால் காட்டினேன், அவளும் தலையசைத்தாள். ஆள் கிடைத்துவிட்டான் என்று எனக்குள் ஒரு திருப்தி வேறு. நாற்பது வருஷமாக அந்தக் கதவில் நின்று கேட்ட கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது, உங்க பேரென்ன பிரதர், நீங்க யார் வீட்டு ஆளு என்று. விழுங்கிவிட்டேன். நீயா என்னைச் சோதிக்கிறாய், பார் நான் எப்படிச் சோதனையில் தேறுகிறேன் என்று விழுங்கினேன்.

அறிவிப்புகள் முடிந்தன. பாஸ்டர், வந்திருக்கிற எல்லாரையும் வரவேற்கிறோம் என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் தாமதம், அந்த மனிதர் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முழுதாக இல்லை, பாதி எழுந்தார், வாயையும் திறந்தார். அவரை யாரும் எழச் சொல்லவில்லை, கிளாரிஸ், எழ வேண்டிய நேரம் அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா. பழைய வழக்கத்துக்கு நம்மை இழுத்துப் பார்க்கிறான், இதுதான் பரீட்சை என்று நினைத்து, வெள்ளைக் கையுறை போட்ட கையை நீட்டி உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, உட்காருங்கள் என்று சைகை காட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார். பாட்டு ஆரம்பித்தது. முடிந்த பிறகு எல்லாரும் கை கொடுத்தோம், எல்லாரும் சிரித்தோம், பாஸ்டர் அவர் தோளைத் தட்டினார், உன் அம்மா ஒரு தட்டில் வறுத்த கோழி கொண்டு போய்க் கொடுத்தாள். அவர் நன்றி அம்மா என்று வாங்கி நின்றுகொண்டே தின்றார். அவளும் அவரும் ஒரு முழம் தூரத்தில் நின்றார்கள். வில்லா அவளை இழுத்து வந்து, அதிகம் பேச்சுக் கொடுக்காதே என்றாள். கொஞ்ச நேரத்தில் ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை பெட்ரோல் போடப் போனேன். அங்கே புதிதாக வேலைக்கு வந்திருக்கிறாள் மிஸ் ஓப்பல் என்று ஒரு பெண், ஆர்கன்ஸாக்காரி, ஊரில் யார் யார் என்று இன்னும் தெரியாது. சும்மா பேச்சுக்கு, எந்தச் சபை என்று கேட்டாள், நான் சொன்னதும் ஆரம்பித்தாள். "உங்க சபைக்கு ஞாயித்துக்கிழமை ஒருத்தர் வந்திருந்தாரே, ஆத்துப் படகுக்காரரு, பாவம், வந்த காரியம் ஆகலன்னு காப்பி குடிச்சுக்கிட்டே புலம்பினாரு. கூட வேலை பாக்குற பையன் ஒருத்தன், டுவைட்டுன்னு பேராம், அவங்க அப்பா அம்மாவுக்கு ஏதோ சேதி சொல்லி அனுப்பியிருக்கான். 'வீடு இருந்த இடத்துல வீடே இல்ல, ஆனா சபை இருக்கும். நீ போய் உக்காரு போதும், புதுசா வந்தவங்க எழுந்திரிங்கன்னு சொல்வாங்க, எழுந்து என் பேரைச் சொல்லு, எங்க அம்மா ஓடி வருவா'ன்னானாம். இவரு பேச்சுக் கூச்சக்காரரு, அந்த ஒரு இடத்துலதான் சொல்லணும்னு ராத்திரியெல்லாம் மனசுல ஓட்டிப் பாத்துட்டு வந்தாராம். எழுந்தா வாசல்ல நின்ன ஒருத்தரு உக்காருன்னு கை காட்டிட்டாராம். 'எல்லாரும் சிரிச்சாங்கம்மா, ஒருத்தரும் பேசல, அந்தப் பையன் சொன்ன சபை இது இல்ல போலிருக்கு'ன்னாரு. படகு ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போற வண்டி வந்துச்சு, கிளம்பிட்டாரு" என்றாள். என்ன சேதி என்று கேட்டேன். அவளுக்குத் தெரியாது. அவர் பேர் கேட்டேன். அவளுக்கு அதுவும் தெரியாது. நான் பெட்ரோல் போடாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவர் கையில நான் தட்டு குடுத்தேனே ஓதா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுநாள் நான் ஆற்றுத் துறைக்குப் போனேன். படகு அலுவலகத்தில் இருந்தவனிடம் ஒரு ஆளைத் தேடுகிறேன் என்றேன், பேர் என்ன என்றான். தெரியாது என்றேன். "உங்க சபைக்கு வந்தாருங்கிறீங்க, பக்கத்துல நின்னீங்கங்கிறீங்க, பேர் கேக்கலையா?" என்றான். அவன் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டான். டுவைட் பேரைச் சொன்னேன், தன் கம்பெனியில் அப்படி ஒருவனும் இல்லை, ஆற்றில் எத்தனையோ கம்பெனி என்றான். போகிற வருகிற படகுக்காரர்கள் கண்ணில் படுகிற மாதிரி ஒட்டி வைக்கச் சொல்லி எங்கள் புது எண்ணையும் உன் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் பாஸ்டர் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் உடனே ஹாலோவேயைப் போனில் பிடித்து, நீங்கள் அனுப்பிய ஆள் எப்போது வந்தார் என்று கேட்டார். ஹாலோவே சிரித்துக்கொண்டே, "இன்னும் ஆளே அனுப்பலையே பாஸ்டர், அடுத்த மாசம்தான். அனுப்புறோம்னு சொன்னாலே பாதி வேலை நடந்துடும்" என்றார். ஒரு ஆளும் வரவில்லை கிளாரிஸ். எங்களுக்குள் நாங்களே ஒற்றனைத் தேடிக்கொண்டு, வாசலுக்கு வந்தவனை வாய் திறக்க விடாமல் அனுப்பிவிட்டோம். பாஸ்டர் போனை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலி பெஞ்சையே பாத்துக்கிட்டிருந்துட்டேன் பிரதர் ஓதா, உக்காந்திருந்தவரைப் பாக்கல" என்றார். எனக்குக் கோபம் போகவில்லை, இப்போதும் முழுக்கப் போகவில்லை. யோசனை கேட்டது தப்பு என்று சொல்ல மாட்டேன், விளக்குக்கும் பலகைக்கும் கேட்கட்டும், கூரை ஒழுகினால் கேட்கட்டும். நம் வாசலுக்கு வந்தவனிடம் நாம் என்ன பேச வேண்டும் என்பதை, நாளைக்கு வேறு ஊருக்குப் போகிறவன் வாயால் கேட்டுக்கொண்டதுதான் தப்பு. அதைச் சொன்னது ஹாலோவே, கேட்டது பாஸ்டர், ஆனால் கையைக் காட்டியது நான்.

போன ஞாயிறு பாஸ்டர் அறிவிப்புகளை முடித்து வாய் திறப்பதற்குள் நான் பெஞ்சுகளுக்கு நடுவில் போகிற வழியில் இறங்கி நின்றேன். உபசாரகன் ஆராதனையில் பேசக் கூடாது, கையால்தான் பேச வேண்டும், உனக்குத் தெரியும், ஆராதனை நடுவில் நான் பேசி யாரும் கேட்டதில்லை. கையுறையைக் கழற்றிப் பையில் வைத்தேன். "என் பேரு ஓதா கேட்வுட். என் பொண்டாட்டி எர்லீன். டுவைட்டோட அப்பா நான். அவன்கிட்டேர்ந்து சேதி கொண்டு வந்தவரை நான்தான் உக்கார வெச்சேன். அவரு மறுபடி வந்தாலும், அவரைத் தெரிஞ்சவங்க யாரு வந்தாலும், எழுந்திரிங்க, சத்தமாச் சொல்லுங்க, நாங்க இங்கதான் இருக்கோம்" என்றேன். உன் அம்மா எழுந்து நின்றாள். "நான் டுவைட்டோட அம்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அன்று புது முகம் ஒன்றும் இல்லை, எல்லாரும் எங்களைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவர்கள், ஆனாலும் பாஸ்டர் பாட்டை ஆரம்பிக்கச் சொல்லாமல் அப்படியே நின்றார், நாங்கள் இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வேலையில் கவனமாக இரு, அதிகாரிகளிடம் வாய்க்கு வாய் பேசாதே, குளிர் வருகிறது, அம்மா பின்னிய கம்பளிச் சட்டையை யாருக்கும் கொடுத்துவிடாதே. கர்த்தர் உன்னை உன் போக்கிலும் வரவிலும் காத்து நிற்பாராக, நல்ல மனிதர்களை உன் வழியில் வைப்பாராக. ஒன்றை மட்டும் மறக்காதே. உன் எண் இப்போது ஆற்றுத் துறையில் இருக்கிறது. தெரியாத எண்ணிலிருந்து யார் கூப்பிட்டாலும், எந்த நேரமாக இருந்தாலும், ஏதோ விற்க வருகிறவன் என்று நினைத்து வைத்துவிடாதே. எடு. முதலில் பேரைக் கேள்.

உன் அப்பா,
ஓதா கேட்வுட்